நூறு புத்தகம், ஒரு பாய்: ஊரில் சிறுவர் நூலகம் தொடங்க ஒரு வழிகாட்டி

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கும் முக்கூடலுக்கும் நடுவே தாமிரபரணி ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். 2022 கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன நூலகம் ஆரம்பித்தேன். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாததால் முதல் வருடம் பணமும் போயிற்று, எட்டு மாதமும் வீணாயிற்று. இப்போது பக்கத்து ஊர்களிலிருந்து “நாங்களும் ஆரம்பிக்கணும், என்னென்ன செய்யணும்?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதைத்தான் மொத்தமாக இங்கே எழுதியிருக்கிறேன்.

எதற்காக இந்தப் பாடு என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்பது வயதில் அத்தை பாளையங்கோட்டையிலிருந்து ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கி வந்தாள். அதன் அட்டைகூட இன்று இல்லை, பெயரும் மறந்துவிட்டது. ஆனால் நனைந்த நாய்க்குட்டியை ஒரு பாட்டி பழைய சேலையால் துடைக்கும் பக்கம், எந்த மூலையில் என்ன நிறம் என்பது வரைக்கும் கண்ணில் நிற்கிறது. இன்றைக்கும் மழைக்கு ஒரு நாய் எங்கள் திண்ணையில் ஒதுங்கினால் என்னால் விரட்ட முடியாது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு பக்கம் கிடைக்க வேண்டும்.

1. நாளும் நேரமும்

எல்லாரும் முதலில் இடம் தேடுவார்கள். நீங்கள் நாட்காட்டியை எடுங்கள். தொடங்குவதற்கு ஏற்ற காலம், முழுப் பரீட்சை முடிந்த மறுவாரம். பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், தினமும் வருவார்கள், ஒரு மாதத்தில் பழக்கமாகிவிடும். ஜூனில் பள்ளி திறந்த பிறகு வாரம் ஒரு நாள் போதும்.

அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஏப்ரல் கடைசியில் திறக்க வேண்டுமானால் மார்ச் முழுவதும் அட்டை போட, எண் எழுத வேண்டும். அதற்குள் புத்தகம் கையில் இருக்க வேண்டும். பொருநை நெல்லை புத்தகத் திருவிழா சில வருடங்களாக ஜனவரி கடைசிக்கும் மார்ச்சுக்கும் நடுவில்தான் நடந்து வருகிறது, அதனால் நமக்கு நன்றாகவே பொருந்தும். புத்தகத் திருவிழாவில் வழக்கமாகப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. நூலகத்துக்கு என்று சொல்லி நூறு புத்தகம் எடுக்கும்போது சில பதிப்பகத்தார் இன்னும் கொஞ்சம் குறைப்பார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

அக்டோபர், நவம்பரில் தொடங்காதீர்கள். மழை, தீபாவளி, பிசானப் பருவ நெல் நடவு எல்லாம் சேர்ந்து வரும், கூட்டம் சேராது.

நேரத்தை ஊரின் வேலையைப் பார்த்து வையுங்கள். எங்கள் ஊரில் பாதி வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். கடைக்குப் பீடி கொண்டுபோகிற நேரத்தில் பெரிய பெண்பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வர முடியாது. நான் அது தெரியாமல் அதே நேரத்தை வைத்துவிட்டு, “பெண்பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை” என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு மாலை 4 முதல் 6 என்று மாற்றியதும் தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டே வந்து நின்றார்கள்.

2. இடமும் அனுமதியும்

முதலில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் வைத்தேன். மூன்று மாதம் எங்கள் தெருப் பிள்ளைகள் மட்டுமே வந்தார்கள். தெற்குத் தெருவிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. காரணத்தை யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும். சமுதாயக் கூடத்துக்கு மாற்றிய முதல் வாரமே அவர்கள் வந்துவிட்டார்கள். ஆகவே கோயில் மண்டபம், பெரிய வீட்டுத் திண்ணை இதெல்லாம் எவ்வளவு வசதியாக இருந்தாலும் வேண்டாம். எந்தத் தெருப் பிள்ளையும் கேட்காமல் நுழையக்கூடிய பொது இடமாகப் பாருங்கள்.

பல ஊராட்சிகளில் இதற்கென்றே ஒரு கட்டிடம் பூட்டிக் கிடக்கும். அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 2006 முதல் 2011 வரை ஊர்தோறும் கட்டிய நூலகங்கள் அவை. சாவி பெரும்பாலும் ஊராட்சிச் செயலரிடம் இருக்கும். முதலில் போய் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

தயார் செய்ய வேண்டிய தாள்கள்:

- ஊராட்சித் தலைவருக்கு ஒரு மனு. பதவிக்காலம் முடிந்திருந்தால் தனி அலுவலருக்கு. எந்த நாள், எத்தனை மணி, கட்டணம் கிடையாது, சாவிக்கும் கரண்டுக்கும் பொறுப்பு யார் என்பதெல்லாம் அதில் வர வேண்டும்.
- பொறுப்பாளர் இரண்டு பேரின் ஆதார் நகல். ஒருவர் பெண்ணாக இருந்தால் வீடுகளில் தயக்கமில்லாமல் அனுப்புவார்கள்.
- அதே மனுவில் இன்னொரு பிரதி. அதில் சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வாயால் “சரி, நடத்துங்க” என்று சொன்னதை நம்பி இருக்காதீர்கள். எங்களுக்கு அப்படிச் சொன்னவர், ஒரு கல்யாண வீட்டுக்காகக் கூடத்தைக் காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பினார். புத்தகத்தை எல்லாம் சாக்கில் கட்டி எடுத்து வந்தோம். அதன் பிறகு கிராம சபையில் வைத்துத் தீர்மானமாகவே போட்டு நகல் வாங்கினோம். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஏப்ரலில் திறக்க நினைத்தால் மார்ச் 22-ஐ விட்டுவிடாதீர்கள்.

உங்கள் ஊரில் அரசின் ஊர்ப்புற நூலகம் நன்றாக நடக்கிறது என்றால் தனியாக ஒன்று வேண்டாம். நூலகரைப் பார்த்து, அங்கேயே ஞாயிறு மாலை கதை நேரம் நடத்தலாமா என்று கேளுங்கள், வாசகர் வட்டத்தில் சேருங்கள். 1,000 ரூபாய் கட்டினால் அந்த நூலகத்துக்குப் புரவலராகலாம்.

3. பணம்

நூறு புத்தகத்தில் தொடங்குங்கள். மெல்லிய படக்கதைப் புத்தகங்கள் 40 ரூபாயிலிருந்து 90 வரை இருக்கும், கொஞ்சம் தடித்தவை 150-ஐத் தாண்டும். கலந்து வாங்கினால் 7,000 முதல் 10,000 ரூபாய்க்குள் முடியும். கண்ணாடி ஷீட், நூல், நோட்டு, ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து ஒரு 700. இரும்பு அலமாரி வாங்காதீர்கள். பழைய மர ஸ்டூல் இரண்டும் ஒரு பலகையும் போதும். உட்காரக் கோரைப் பாய் இருந்தால் நல்லது, பத்தமடை பக்கத்தில்தானே இருக்கிறது.

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. குழந்தைகளின் படப் புத்தகத்துக்கும் அப்படித்தான். பில்லில் புத்தகத்தின் மேல் வரி போட்டிருந்தால் அங்கேயே கேளுங்கள்.

ஸ்டோரிவீவர் (StoryWeaver) இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கும். பிரதம் புக்ஸ் பதிப்பகம் நடத்துவது. எழுதியவர், வரைந்தவர் பெயரை எடுக்காமல் நாமே அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. “அப்படியென்றால் எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டுவிடலாமே” என்று நானும் நினைத்தேன். ஜெராக்ஸ் கடையில் கலர் பக்கம் ஒன்றுக்குப் பத்து ரூபாய் ஆனது, பதினாறு பக்கக் கதைக்கு 160. அச்சான புத்தகத்தையே வாங்கியிருந்தால் அதில் பாதிதான். அந்தத் தளத்தை, வாங்குவதற்கு முன் கதை எப்படி என்று படித்துப் பார்க்கவும், ஞாயிறு வாசித்துக் காட்டவும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. புத்தகம் தேர்ந்தெடுப்பது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நான் ஏமாந்ததும் இங்கேதான். ஒரு கடையில் ஐம்பது புத்தகம் ஒரே கட்டாக, பாதி விலைக்கு என்று சொன்னார்கள். பிரித்துப் பார்க்காமல் வாங்கி வந்தேன். எல்லாம் ஒரே மாதிரி நரி, காக்கா, பேராசைக்காரன், கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு ஒரு நீதி. பிள்ளைகள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுக் கீழே வைத்துவிட்டார்கள். தாள்கள் இரண்டே வாரத்தில் கழன்று வந்தன. அந்த ஐம்பதில் இன்று நூலகத்தில் இருப்பது மூன்று.

நான் இப்போது கடையில் நின்றுகொண்டே செய்து பார்ப்பது இதுதான். புத்தகத்தை நடுவில் திறந்து ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கிறேன். நாக்கு தடுக்கினால் வைத்துவிடுகிறேன். மொழிபெயர்ப்பு நூல்களில் இது ரொம்ப முக்கியம். படம் அழகாக இருக்கும், தமிழ் கரடுமுரடாக இருக்கும். “அவன் தனது அம்மாவினால் அழைக்கப்பட்டான்” என்று எழுதியிருந்தால் எந்தப் பிள்ளையும் அந்த அம்மாவை நம்பாது. அப்புறம் கடைசிப் பக்கத்தைப் பார்க்கிறேன். கதை தானாக முடிகிறதா, யாராவது வந்து புத்தி சொல்லி முடிக்கிறார்களா என்று.

நெஞ்சில் நிற்கிற கதைகளை இத்தனை வருடத்தில் கவனித்துப் பார்த்ததில் ஒன்று தெரிகிறது. அவற்றில் யாரோ ஒருவர் ஒரு சின்னப் பிள்ளையைப் பொறுமையாகப் பார்க்கிறார், அல்லது கேட்கிறார். ‘டோட்டோ-சான்’ புத்தகத்தைக் கட்டாயம் வாங்குங்கள். ஜப்பானில் 1981-இல் டெட்சுகோ குரோயாநாகி தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியது, தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. வேறு பள்ளியிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட சிறுமி புதுப் பள்ளிக்கு வருகிறாள். முதல் நாளே தலைமை ஆசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பேசுவதை நான்கு மணி நேரம் கேட்கிறார். அந்தப் பகுதியை வாசித்தபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னை நிறுத்தி, “நாலு மணி நேரமாக்கா? நடுவுல எந்திரிச்சே போகலியா?” என்று கேட்டான். வகுப்பில் வாயே திறக்காதவன் என்று பெயர் வாங்கிய பையன் அவன். அன்றைக்கு எல்லாரும் போன பிறகும் பாயைச் சுருட்டிக்கொண்டே தன் அப்பா திருப்பூருக்குப் போன கதையை என்னிடம் சொன்னான். இருட்டும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

சோகமான கதை வேண்டாம் என்று சில பெற்றோர் சொல்வார்கள். பாட்டி இறந்துபோகிற கதை, ஆட்டை விற்றுவிடுகிற கதை எல்லாம் தாராளமாக இருக்கட்டும். நம் பிள்ளைகள் வீட்டில் பார்க்காததா? அதைப் பேச ஒரு வழிதான் புத்தகம் கொடுக்கிறது.

பிரிவு இப்படி வைத்தால் சரியாக இருக்கும்: பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி உள்ளவை 40. எட்டு முதல் பத்து வயதுக்கு 40. அதற்கு மேல் 20. வயதை நம்பிக் கொடுக்காதீர்கள். ஆறாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குச் சின்னப் பிள்ளைப் புத்தகத்தைக் கொடுத்தால் வெட்கப்பட்டு மறுநாள் வர மாட்டார்கள். “தம்பிக்குப் படிச்சுக் காட்டு” என்று சொல்லிக் கொடுங்கள். வாங்கிக்கொண்டு போய் அவர்களே படிப்பார்கள்.

நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ், தூலிகா, பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் வெளியீடுகள், இந்த நாலு இடத்தில் பார்த்தாலே முதல் நூறு தேறிவிடும்.

5. அட்டை, தையல், எண்

பிரவுன் ஷீட் போடாதீர்கள். அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் எடுக்கிறார்கள். கண்ணாடி ஷீட் போடுங்கள்.

மெல்லிய புத்தகங்களை நடுவில் பின் அடித்திருப்பார்கள். ஆற்றங்கரை ஊரில் ஒரு மழைக்காலம் போனால் பின் துருப்பிடித்து, தாளிலும் பழுப்பு இறங்கி, நடுப்பக்கம் கையோடு வந்துவிடும். ஆகவே கொடுக்கும் முன்பே பின்னைப் பிடுங்கிவிட்டுத் தையுங்கள். நடு மடிப்பில் கோணி ஊசியால் மூன்று துளை. கெட்டி நூலை மெழுகில் ஒரு இழுப்பு இழுத்து, உள்பக்கம் நடுத்துளையில் நுழைத்து, வெளியே மேல் துளைக்குப் போய் உள்ளே வந்து, அங்கிருந்து கீழ்த் துளை வழியாக வெளியே வந்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே வந்து முடிச்சுப் போட வேண்டும். ஒன்றுக்கு ஐந்து நிமிடம். பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் என்னைவிட நன்றாகத் தைக்கிறார்கள்.

செலோ டேப் ஒட்டவே கூடாது. மஞ்சளாகிப் பசை கசிந்து அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். மைதா பசையும் வேண்டாம், பூச்சிக்கு அது விருந்து.

மெல்லிய புத்தகத்துக்கு முதுகில் எழுத இடம் இருக்காது. பின்னட்டையின் மேல் மூலையில் எண்ணை எழுதி, நிறப் பொட்டு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒரு நீள நோட்டில் நான்கே கட்டம் போதும்: தேதி, புத்தக எண், பெயர், திரும்பிய தேதி. கம்ப்யூட்டர், செயலி எதுவும் இப்போதைக்கு வேண்டாம். பிள்ளைகளே நோட்டில் எழுதட்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை தன் பெயரை முதன்முதலில் ஒரு கணக்கு நோட்டில் எழுதும்போது அதன் முகத்தைப் பாருங்கள்.

உறுப்பினராக ஆதார் கேட்காதீர்கள், பணம் வாங்காதீர்கள். அம்மாவோ ஆச்சியோ ஒருமுறை வந்து கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும். அந்தச் சாக்கில் அவர்களும் உள்ளே வந்து பார்த்துவிடுவார்கள்.

6. வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவது

கிழிந்துவிடும், தொலைந்துவிடும் என்று பயந்து உள்ளேயே வைத்துப் படிக்கச் சொல்வார்கள் பலர். நானும் அப்படித்தான் இருந்தேன். பிறகு வீட்டுக்குக் கொடுத்தபோது தாமதத்துக்கு வாரம் இரண்டு ரூபாய் அபராதம் வைத்தேன். நான் செய்ததிலேயே பெரிய தப்பு அது.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 37-ஆம் எண் புத்தகத்தை எடுத்துப் போனாள். தொலைந்த ஆட்டுக்குட்டி வீடு தேடி வருகிற கதை. அதன் பிறகு வரவே இல்லை. நாலு மாதம் கழித்து வீட்டுக்குப் போனேன். பிள்ளை என்னைப் பார்த்ததும் அடுக்களைக்குள் ஓடிவிட்டது. அவளுடைய ஆச்சி பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். “அபராதம் ரொம்ப ஏறிப்போச்சுன்னு பிள்ள பயந்துட்டு இருக்கா தாயி” என்றாள். புத்தகம் தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் துணியில் சுற்றி பத்திரமாக இருந்தது. ஒவ்வொரு நாள் சாயந்திரமும் பிள்ளை வாசிப்பாளாம், ஆச்சி கேட்டுக்கொண்டே பீடி சுற்றுவாளாம். “தெனமும் அதே குட்டிதான் காணாமப் போவுது, தெனமும் வந்து சேருது. வந்து சேர்ற வரைக்கும் எனக்குக் கை ஓடாது” என்று ஆச்சி சொன்னாள். எழுத்து தெரியாதவள் அவள். எந்தப் பக்கத்தில் என்ன படம் என்று வரிசையாகச் சொன்னாள்.

அன்றோடு அபராதத்தை எடுத்துவிட்டேன். நீங்கள் வைக்கவே வைக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு புத்தகம், இரண்டு வாரம். திரும்ப வராவிட்டால் ஆள் அனுப்பாதீர்கள், நீங்களே வீட்டுக்குப் போங்கள். கிழித்துக் கொண்டுவந்தால் திட்டாமல் கூட உட்கார வைத்துத் தையுங்கள். நூறில் வருடத்துக்கு ஏழெட்டுப் புத்தகம் போகும். அதை முதலிலேயே செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் கொடுங்கள். “அதான் படிச்சிட்டியே, வேற எடு” என்று சொல்லாதீர்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் கடைசி இருபது நிமிடம் ஒரு கதையை வாய்விட்டு வாசியுங்கள். நடுவில் கேள்வி கேட்பதும், முடிந்ததும் “இதிலிருந்து என்ன தெரிகிறது?” என்பதும் வேண்டாம். கேட்ட கதையைத்தான் மறுவாரம் போட்டி போட்டு எடுப்பார்கள்.

7. மழையும் பூச்சியும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தாமிரபரணிக் கரையில் யாரும் மறக்க மாட்டார்கள். கூடத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. கீழ்ப் பலகையில் இருந்த முப்பத்தொரு புத்தகம் நனைந்தது. மழைக்காலத்தில் தரையிலிருந்து நாலடிக்கு மேலே வையுங்கள். அக்டோபர் பிறந்ததும் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, ஞாயிறு தோறும் எடுத்துவிட்டுத் திரும்பப் பரண் மேல் ஏற்றிவிடுங்கள்.

நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், அட்டை சுருண்டுவிடும். வழவழப்பான தாள் அப்படியே காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், பிறகு பிரிக்க முடியாது. ஈரம் இருக்கும்போதே மெதுவாகப் பிரித்து, பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாள் வைத்து, காற்றாடிக்குக் கீழே நிறுத்தி வையுங்கள். தாளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எங்கள் முப்பத்தொன்றில் பத்தொன்பது பிழைத்தது.

ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டு வைக்கலாம். ஆனால் வாரம் ஒருமுறை புத்தகம் கை மாறிக்கொண்டே இருந்தால் பூச்சி குடியேற நேரமே இருக்காது. கரையானுக்கு மட்டும் பலகையைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

8. சங்கமாகப் பதிவு செய்யலாமா?

முதல் வருடம் வேண்டாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேராவது வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், பிறகு வருடா வருடம் கணக்கு, உறுப்பினர் பட்டியல் எல்லாம் தாக்கல் செய்ய வேண்டும். நன்கொடை பெரிதாக வரத் தொடங்கினால் யோசிக்கலாம். அதுவரை வரவு செலவை ஒரு தாளில் எழுதி கூடத்துச் சுவரில் ஒட்டுங்கள், எல்லாரும் பார்க்கட்டும்.

9. வருடக் கடைசியில்

புத்தகத் திருவிழாவுக்குப் போவதற்கு முன்னால், நோட்டை எடுத்து உட்காருங்கள். எந்த எண் அதிக முறை போயிருக்கிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். முதல் பத்துக்கும் இரண்டாம் பிரதி வாங்குங்கள். ஒருமுறைகூட வெளியே போகாதவற்றைப் பையில் போட்டு வேறு ஊர் நூலகத்துக்குக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே அது ஓடலாம்.

எங்கள் நோட்டில் மூன்று வருடமாக 37-ஆம் எண்தான் முதலில் வருகிறது. போன வருடம் புதிதாக இரண்டு பிரதி வாங்கிவிட்டோம். பழையது நாலு முறை தைத்தது, விரித்தால் இன்னும் புகையிலை வாசம் அடிக்கும். அதை அந்த ஆச்சி வீட்டிலேயே கொடுத்துவிட்டேன். நோட்டில் திரும்பிய தேதிக் கட்டத்தில் அந்தச் சிறுமியே எழுதியிருக்கிறாள்: “எங்க வீட்ல இருக்கு.”